இடப்பக்கத்தில் 14 கோடுகள்: ஒரு மரக்கப்பல் மாதிரியின் நிகழ்வு ஆய்வு

2022 மே மாதம், கத்தரி வெயில் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மாடி அறையில் கப்பலின் மேல் போர்த்தியிருந்த பழைய வேட்டியை எடுத்தேன். இடப்பக்கத்து வெள்ளைப் பட்டையில் ஒரு கறுப்புக் கோடு. தலைமுடி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து ஊதினேன், போகவில்லை. விரல் நகத்தை மேலிருந்து கீழாக இழுத்தேன். கோட்டின் மேல் வந்ததும் நகம் இடறியது. டார்ச் விளக்கை உடலோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்தபோது அணியம் என்கிற முன்முனையிலிருந்து அமரம் என்கிற பின்முனை வரை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோடுகள் எழுந்து வந்தன. எண்ணினேன். இடப்பக்கத்தில் 14. வலப்பக்கத்தில் 2.

வண்ணம் பூசி மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஒரே டப்பா, ஒரே பிரஷ், ஒரே நாள். பிறகு ஏன் 14-க்கு 2? விடை கிடைக்க ஒரு மாதம் ஆயிற்று. அதற்குள் இரண்டு பேர் மேல் அநியாயமாகப் பழி போட்டிருந்தேன். அதில் ஒருவர் சூரியன்.

கப்பலும் அதன் உடலும்

நான் செய்தது எச்.எம்.எஸ். டிரிங்கோமலி என்ற போர்க்கப்பலின் 1:72 மாதிரி. ஈழத்துத் திருகோணமலையின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். ஆங்கிலேயக் கடற்படைக்காகப் பம்பாயில் வாடியா குடும்பத்தார் மலபார்த் தேக்கில் கட்டி, 1817 அக்டோபர் 12 அன்று நீரில் இறக்கிய கப்பல் இது. இதற்கென்று முதலில் அனுப்பிய வரைபடங்கள் ஜாவா என்ற கப்பலில் வந்தன. 1812-இல் அமெரிக்கர்களோடு நடந்த சண்டையில் ஜாவா அழிந்தபோது அவையும் போயின. மறுபடி வரவழைத்துத்தான் வேலை தொடங்கியது. இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் அந்தக் கப்பல் மிதக்கிறது. தேக்கின் தயவு.

என் மாதிரியில் தேக்கு இல்லை. 5 மி.மீ. பிளைவுட்டில் ஏரா, அதாவது கப்பலின் முதுகெலும்பான அடிக்கட்டை; அதன் குறுக்கே ஏறக்குறைய மூன்று செ.மீ.க்கு ஒன்றாக, விலா எலும்பு போல 21 வங்குகள். அதன்மேல் போர்த்துவதற்குப் பாஸ்வுட் கீற்றுகள், 5 மி.மீ. அகலம், 1.5 மி.மீ. தடிமன். பாஸ்வுட் வெட்ட எளிது, இழைக்க எளிது, சிராய் கிளம்பாது. வண்ணத்துக்கு அடியில் மறையப்போகும் உடலுக்கு மேலே இன்னோர் அடுக்கு நல்ல மரம் வீண் செலவு என்று கணக்குப் போட்டு ஒரே அடுக்கில் நிறுத்திக்கொண்டேன். அந்த முடிவில் இன்றும் எனக்கு வருத்தமில்லை.

வேலூரில் உட்கார்ந்துகொண்டு கப்பல் செய்கிறவனைப் பார்த்துச் சிரிக்கத்தான் செய்வார்கள். கோட்டை அகழியை விட்டால் எங்களுக்குத் தண்ணீர் ஏது? பாலாறு என்பது மணல். ஆனால் இடப்பக்கப் பலகைகளை ஒட்டிய 2021 நவம்பரில் அதே பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தது. நானும் பார்த்துவிட்டு வந்து ஒட்டினேன். வீட்டில் தீப்பெட்டி நமத்துப்போயிருந்தது, உப்பு கசிந்துகொண்டிருந்தது. மரக்கீற்று என்ன நிலையில் இருந்தது என்று மட்டும் யோசிக்கவில்லை.

முழுப் பக்கத்துக்கும் கணக்கு இது. கப்பலின் நடுவில், ஏராவிலிருந்து விளிம்பு வரை வளைவோடு சேர்த்து 160 மி.மீ. ஐந்தால் வகுத்தால் 32 வரிசை. அணியத்தில் அதே தூரம் 112 மி.மீ.தான், அங்கேயும் 32 வரிசை அடங்க வேண்டுமென்றால் ஒவ்வொரு கீற்றும் 3.5 மி.மீ.க்குக் குறுக வேண்டும். அமரத்தின் அடியில் தூரம் கூடுகிறது. அங்கே இடையில் ஆப்பு வடிவத் துண்டுகளைச் செருகிக்கொள்ளலாம். அணியத்தில் சீவும்போது பாதி அகலத்துக்குக் கீழே போகக் கூடாது. போனால் முனை கையோடு ஒடிந்து வரும். ஏராவை ஒட்டிய முதல் பலகை உட்கார ஒரு காடி, அதாவது நீளப் பள்ளம், எடுக்க வேண்டும். இவ்வளவையும் ஒழுங்காகச் செய்தேன். கடைசி இரண்டு வரிசையைத் தவிர. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

இடப்பக்கத்தின் 32 வரிசையையும் நவம்பரில் மூன்று வாரத்தில் முடித்தேன். குளியலறை வாளியில் கீற்றுகளை இரவு முழுதும் ஊறவைத்து, காலையில் துணியால் ஒற்றி, வளைத்து, ஃபெவிகால் தடவி, துணிக் கிளிப்பும் குண்டூசியும் போட்டுப் பிடித்தேன். ஊறிய கீற்று வாழைநார் போல வளைந்து கொடுத்தது. அந்தச் சுகத்தில் மயங்கிவிட்டேன்.

அதோடு கீற்று தீர்ந்துபோயிற்று. புதிய கட்டு வந்து சேரப் பொங்கல் ஆகிவிட்டது. வலப்பக்கம் போர்த்தும்போது காட்பாடியில் பொறியியல் படிக்கும் அக்கா மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். "வாளி எதற்கு மாமா? சூட்டிலேயே வளையுமே" என்று சால்டரிங் அயர்னின் தண்டில் கீற்றை அழுத்தி இழுத்துக் காட்டினான். அணியத்தில் வளைய வேண்டியது பத்து செ.மீ.தான். உலர்ந்த கீற்றை அப்படியே சூட்டில் வளைத்து ஒட்டினோம். பசை அதே ஃபெவிகால். வங்கின் மேலும் பலகை விளிம்பிலும் அதே மாதிரித்தான் தடவினோம்.

ஆக, திட்டமிடாமலேயே ஒரு சோதனை நடந்துவிட்டது. ஒரே கப்பல், இரண்டு பக்கம், இரண்டு முறை. அப்போது அது தெரியவில்லை.

டிசம்பரில் நடந்த ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். இடப்பக்கம் ஒட்டி முடித்த பத்துப் பதினைந்து நாளில், பல இடங்களில் பலகைக்கும் பலகைக்கும் நடுவே நூல் நுழையும் அளவு இடைவெளி தெரிந்தது. சுவருக்கு வைக்கும் பட்டியைக் குழைத்து வழித்துவிட்டு, உப்புத்தாள் போட்டேன். மழமழவென்று ஆகிவிட்டது. என்னை நானே மெச்சிக்கொண்டேன். வலப்பக்கத்துக்குப் பட்டியே தேவைப்படவில்லை. "இரண்டாவது பக்கம் கை படிந்துவிட்டது" என்று அதற்கும் என் திறமையையே காரணம் சொல்லிக்கொண்டேன்.

முதல் சந்தேகம்: வண்ணம்

வெடிப்பைப் பார்த்ததும் வண்ணக் கடைக்குத்தான் போனேன். பழைய சரக்கைக் கொடுத்துவிட்டார்கள் என்பது என் வாதம். கடைக்காரர் கோபப்படவில்லை. "டப்பாவில் மீதி இருக்கிறதா சார்? ஒரு தகரத்தில் அடித்து மொட்டை மாடியில் வையுங்கள். வெடித்தால் பணத்தைத் திருப்பித் தருகிறேன்" என்றார்.

வைத்தேன். எட்டு நாள் வேலூர் வெயில். வெடிக்கவில்லை. தகரத்தை வளைத்தும் பார்த்தேன். வண்ணம் கூடவே வளைந்தது.

உண்மையில் தகரம்கூடத் தேவையில்லை. வெடிப்பு போகும் வழியே சொல்லியிருக்கும். வண்ணத்தில் குறை இருந்தால், ஏரி வற்றிய சேறு போலக் கட்டம் கட்டமாக, மரத்தின் ஓட்டத்தைச் சட்டை செய்யாமல் வெடிக்கும். என் கோடுகள் அப்படி இல்லை. ஒவ்வொன்றும் இரண்டு பலகைகள் சந்திக்கும் இடத்தைப் பிடித்துக்கொண்டு ஓடியது. ஓரிடத்தில் பிளேடு முனையால் ஒரு சில்லைப் பெயர்த்துப் பார்த்தேன். வண்ணத்தின் முதுகில் பிரைமர், பிரைமரின் முதுகில் மர நார். மூன்றும் ஒன்றையொன்று விடவில்லை. பிடிப்பில் குறையே இல்லை. காய்ந்த பிறகு ஒரு பூச்சின் தடிமன் மி.மீ.யில் முப்பதில் ஒரு பங்குதான் தேறும். அடியில் மரம் விலகினால் அது என்ன செய்யும்?

இரண்டாவது சந்தேகம்: வெயில்

வேலப்பாடியில் கதவு, ஜன்னல் செய்யும் ஆசாரி ஒருவர் எனக்குப் பழக்கம். கப்பலையே தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, உடலைக் கண்ணுக்கு நேரே பிடித்து, துப்பாக்கி குறி பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்த்தார்.

"மழையில் போட்ட கதவு சார் இது. ஐப்பசியில் போட்ட கதவு சித்திரையில் தாழ்ப்பாளுக்கு எட்டாது. கப்பலுக்கு மட்டும் வேறு மரமா?"

சரியான பேச்சு. மரம் காற்றின் ஈரத்துக்குத் தக்கபடி உப்பிச் சுருங்குகிறது. நீளத்தில் அசைவு மிகச் சொற்பம், எல்லாம் அகலத்தில்தான். பாஸ்வுட் இதில் மோசமான சாதி: பச்சை மரம் முற்றிலும் உலரும்போது வளையங்களின் திசையில் சுமார் 9 சதவீதம் சுருங்கும். தேக்கு 6 சதவீதத்துக்கும் கீழே. இந்தச் சுருக்கம் முழுவதும், மரத்தின் ஈரம் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் நடக்கிறது. அப்படியென்றால் ஈரம் ஒரு புள்ளி குறைந்தால் பாஸ்வுட் 0.3 சதவீதம் சுருங்குகிறது. பிப்ரவரியில் என் அறையில் மரத்தின் ஈரம் 12 சதவீதம் என்றும், வெயில் இறங்கும் கான்கிரீட் கூரையின் கீழ் மே மாதத்தில் 6, 7 என்றும் வைத்துக்கொண்டால், 5 மி.மீ. கீற்று 0.08 மி.மீ. சுருங்கியிருக்கும். கோடு விழ அது போதும்.

ஆசாரியின் விடையோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வலப்பக்கம் உறுத்தியது. வண்ணம் பூசிய நாளில் இரண்டு பக்கமும் ஒரே அறையில், ஒரே ஈரத்தில் இருந்தன. அன்றிலிருந்து மே வரை இரண்டுக்கும் ஒரே சுருக்கம்தான். வெயில் வலப்பக்கத்துக்குச் சலுகை காட்டாது. அப்படியிருக்க அங்கே ஏன் இரண்டே கோடு?

வாளி

விடை டிசம்பர்ப் பட்டியில் இருந்தது. ஒரு கீற்றை எடுத்து வெர்னியர் அளவியில் பார்த்தேன்: 5.00. இரவு முழுதும் வாளியில் போட்டு, காலையில் துடைத்துவிட்டு அளந்தேன்: 5.26. நவம்பரில் நான் ஒட்டியது இந்த உப்பிய கீற்றுகளை. ஒட்டியதும் பசை இறுகிவிட்டது; மரமோ அடுத்த சில நாளில் தண்ணீரைக் கக்கிவிட்டுப் பழைய 5.00-க்குத் திரும்பப் பார்த்தது. வங்குகளில் ஒட்டியிருப்பதால் பலகை நகர்ந்து பக்கத்துப் பலகையோடு சேர முடியாது. நின்ற இடத்திலேயே இரு பக்கமும் சுருங்கியது. விளிம்புகளுக்கு நடுவே இருந்த பசை அறுந்தது. அந்த இடைவெளியைத்தான் டிசம்பரில் பட்டி வைத்து மூடியிருக்கிறேன்.

அதாவது பொங்கலுக்கு முன்பே இடப்பக்கத்தின் பலகைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கவில்லை. நடுவில் இருந்தது வெறும் சுவர்ப்பட்டி: அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. மே மாதத்தில் எல்லாப் பலகையும் 0.08 மி.மீ. சுருங்கியபோது வலப்பக்கத்தில் மரத்தை மரம் பற்றியிருந்தது. இழுப்பை 32 வரிசையும் பகிர்ந்துகொண்டன. இடப்பக்கத்தில் பட்டி வைத்த இடமெல்லாம் விட்டுக்கொடுத்தது. வெயில் செய்தது அம்பலப்படுத்தியது மட்டும்.

இது ஊகமாகவே நின்றுவிடக் கூடாது என்று இரண்டு பிளைவுட் துண்டுகளில் ஆறு ஆறு கீற்றுகளை ஒட்டினேன். ஒன்றில் ஊறியவை, மற்றதில் உலர்ந்தவை. தகரக் கூரையின் கீழ் இரண்டு நாள். ஊறிய துண்டில் ஐந்து இணைப்பில் நான்கு திறந்துகொண்டன. ஒன்றில் அஞ்சலட்டையின் விளிம்பு உள்ளே போயிற்று. உலர்ந்ததில் ஒன்றும் இல்லை. ஆசாரியிடம் கொண்டுபோய்க் காட்டியபோது, "ஊறவைத்து ஒட்டினேன் என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் அன்றைக்கே திட்டியிருப்பேன்" என்றார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நிஜக் கப்பலில் இந்த விதி தலைகீழ். தோணி கட்டுகிறவர்கள் பலகை இடுக்கில் கலப்பற்று அடித்து, அதாவது நாரைத் திணித்து அடைத்து, கடலில் இறக்குவார்கள். நீர் பட்டதும் பலகை உப்பி இடுக்கை இறுக்கிக்கொள்ளும். கப்பலுக்குத் தண்ணீர் காவல். மேசைமேல் நிற்கும் மாதிரிக்கு அந்தக் காவல் எந்நாளும் வரப்போவதில்லை, பாலாறு மறுபடி ஓடினாலும்.

வலப்பக்கத்து இரண்டு கோடுகள்

இவற்றின் காரணம் வேறு. இரண்டும் அணியத்தில், விளிம்புக்குக் கீழே, கடைசியாகப் போட்ட வரிசைகளில். அன்று இரவு பத்து மணி. இரண்டே வரிசைதானே என்று கீற்றைச் சீவாமல், முழு 5 மி.மீ. அகலத்தோடு பக்கவாட்டில் நெட்டித் தள்ளி உட்காரவைத்தேன். பள்ளிக்கூடப் பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்துப் பாருங்கள்: தட்டையாக வளையும், விளிம்புப் பக்கம் வளையாது. மரமும் அப்படித்தான். வம்புக்கு வளைத்தால் ஒரு விளிம்பு மேலே தூக்கிக்கொண்டு ஓடு வேய்ந்ததுபோல நிற்கும். தூக்கிய விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்தேன். மேலே சமம், அடியில் பலகை திமிறிக்கொண்டேதான் இருந்தது. வெயில் வந்ததும் விட்டுக்கொண்டது.

பலகை ஒட்டும் வேலையில் என் அனுபவத்தில் முக்கால்வாசிக் குறை இந்தச் சோம்பலில் பிறப்பதுதான். ஒரு கீற்றைச் சீவ மூன்று நிமிடம். சீவாமல் தள்ளியதைப் பிறகு சரிசெய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை.

மூன்றாவது ஒரு பிழையும் இந்தத் தேடலில் அகப்பட்டது. ஒரு பக்கம் முழுவதையும் முடித்துவிட்டு மறு பக்கம் போகக் கூடாது. இரண்டு வரிசை இங்கே, இரண்டு வரிசை அங்கே என்று மாற்றி மாற்றிப் போர்த்த வேண்டும். வளைத்து ஒட்டிய பலகைகளின் இழுப்பு ஒரு பக்கமாகச் சேர்ந்தால் ஏரா கோணும். ஏராவின் இரு முனைக்கும் நூல் பிடித்துப் பார்த்தேன். நடுவில் 2 மி.மீ. விலகல். இதற்கு மருந்து இல்லை. கப்பல் இடப்பக்கத்தைக் காட்டி நிற்கும்படி பீடத்தை அமைத்துவிட்டேன்.

சரிசெய்தது

மே மாதத்திலேயே இடைவெளிகளை அடைத்துவிடலாம் என்று கை துறுதுறுத்தது. ஆசாரி தடுத்தார். இடைவெளி மிக அகலமாக இருக்கும் நேரத்தில் இறுக அடைத்தால், மழையில் மரம் உப்பும்போது அடைத்தது மேலே பிதுங்கும். ஆடி கழியட்டும் என்றார். காத்திருந்தேன்.

ஆகஸ்டு கடைசியில் இடப்பக்க வண்ணத்தை மரம் தெரியும்வரை சுரண்டினேன். ஒவ்வோர் இடுக்கிலும் பிளேடைச் சாய்த்து இழுத்துப் பட்டியை வெளியேற்றினேன். வெள்ளைப் பொடியாகக் கொட்டியது, ஒரு தேக்கரண்டி இருக்கும். அகலமான இடுக்குகளில் அதே பாஸ்வுட்டிலிருந்து சீவிய இழையைப் பசை தொட்டுச் செருகி, காய்ந்ததும் உளியால் மட்டம் தட்டினேன். இழை நுழையாத இடங்களுக்கு உப்புத்தாளில் விழுந்த மரத்தூளை ஃபெவிகாலில் குழைத்து அழுத்தினேன். வலப்பக்கத்து இரண்டு வரிசைகளையும் கழற்றி, ஒழுங்காகச் சீவிப் புதிதாகப் போட்டேன்.

எல்லாவற்றையும்விடப் பலன் தந்தது உள்பக்கம். வெளியே பிரைமரும் வண்ணமுமாக நான்கு பூச்சு, உள்ளே வெறும் மரம் என்றுதான் அதுவரை வைத்திருந்தேன். ஈரம் முழுவதும் ஒரே வாசல் வழியாகப் போய்வந்துகொண்டிருந்தது. மேல்தளம் போடாதது நல்லதாயிற்று. நீளமான பிரஷ்ஷால் வங்குகளுக்கு நடுவே ஷெல்லாக் என்ற அரக்குப் பூச்சை இரண்டு கை பூசினேன். அது ஈரத்தை அடியோடு நிறுத்திவிடாது. போக்குவரத்தை மெதுவாக்கும், அது போதும்.

மறுபடி வண்ணம்

இந்த முறை சாம்பல் பிரைமரை மட்டும் பூசி ஒரு வாரம் விட்டேன். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் பிரைமரில் தெரியாத மேடு பள்ளம் இல்லை. மூன்று முறை தேய்த்து மூன்று முறை பூசிய பிறகுதான் வண்ண டப்பாவைத் திறந்தேன்.

முதலில் வெள்ளைப் பட்டை, பிறகு கறுப்பு. வெள்ளை காய்ந்ததும் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, டேப்பின் விளிம்பில் மறுபடியும் அதே வெள்ளையை மெல்லத் தொட்டுவிட்டேன். கசிவதானால் வெள்ளையே கசிந்து ஓட்டையை அடைத்துவிடும். மேலே வரும் கறுப்புக்கு வழி இருக்காது. டேப்பை இரவு தங்க விடக் கூடாது. எங்கள் ஊர்ச் சூட்டில் அதன் பசை இளகி மரத்தோடு உறவு கொண்டாடும். விடிகாலை ஐந்தரைக்குத் தொடங்கி எட்டு மணிக்குள் பிரஷ்ஷைக் கழுவிவிடுவேன். அதற்கு மேல் எனாமல் பிரஷ்ஷிலேயே இழுக்கத் தொடங்கும். கறுப்பும் டப்பாவில் உள்ள கறுப்பு அல்ல, கொஞ்சம் வெள்ளை கலந்தது. 64 செ.மீ. கப்பலில் சுத்தக் கறுப்பு பொம்மைக்கு மை தடவியதுபோல இருக்கிறது. பளபளப்பும் வேண்டாம், அது ஒவ்வொரு குறையையும் கைகாட்டும்.

நீர்க்கோட்டுக்குக் கீழே நிஜக் கப்பலில் செப்புத் தகடு. ஒவ்வொரு தகடும் ஏறத்தாழ 4 அடிக்கு 14 அங்குலம்; என் அளவில் 17 மி.மீ.க்கு 5 மி.மீ. தகடு தகடாக ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் செப்பு நிற வண்ணத்தோடு நின்றுகொண்டேன், அதையும் கொஞ்சம் பழுப்பாக்கி. நீர்க்கோட்டைப் போட, ஒரு மரக்கட்டையில் பென்சிலைப் படுக்கவைத்துக் கட்டி, கப்பலைப் பீடத்தில் அமரம் சற்றே தாழ நிறுத்தி, கட்டையை மேசைமேல் தேய்த்தபடி சுற்றிவந்தேன். ஏராவுக்கு இணையாக அளந்து புள்ளி வைத்தால் கோடு தப்பும்.

மீதமிருந்த வண்ணம் போதாமல் அதே கடைக்குத்தான் போனேன். கடைக்காரர், "தகரம் என்ன ஆயிற்று சார்?" என்றார். மொட்டை மாடியில் தொட்டிச் செடிக்கு அடியில் இருக்கிறது என்றேன். சிரித்தார். விலையில் ஒரு பைசா குறைக்கவில்லை.

2023 மே மாதத்தில், கத்தரி முடிந்த மறுநாள், டார்ச்சைச் சாய்த்துப் பார்த்தேன். வலப்பக்கம் சுத்தம். இடப்பக்கத்தில் அணியத்தை ஒட்டி, மேலிருந்து மூன்றாவது இணைப்பில், ஒன்றரை அங்குல நீளத்துக்கு ஒரு மயிரிழை. நகம் இடறவில்லை. அதன் இரு முனையிலும் பென்சிலால் புள்ளி வைத்து, பீடத்தின் அடியில் தேதி எழுதியிருக்கிறேன்.